தொழில் கேள்வி பதில்: வாசலில் வரிசை, கல்லாவில் நெரிசல்

கேள்வி: ஐயா, பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். 60 பேர் உட்காரலாம். மதியம் 12.30 முதல் 2 மணி வரை வாசலில் வரிசை நிற்கிறது. பாதிப் பேர் எட்டிப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். இன்னும் இரண்டு ஆள் போடலாமா, இல்லை பக்கத்துக் கடையையும் வாடகைக்கு எடுக்கலாமா?
– பெயர் வேண்டாம், கோலாலம்பூர்

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். 2025 பிப்ரவரியிலிருந்து உங்கள் அளவுக் கடைக்கு ஒரு ஆளின் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட், அதற்கு மேல் சேமநிதி, சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி, தங்க இடம் என்று போகும். அந்தப் பணத்தை இறக்குவதற்கு முன், நாளை மதியம் ஓர் ஓரமாக நின்று ஒரே ஒரு மேசையை மட்டும் கவனியுங்கள். எப்போது உட்கார்ந்தார்கள், எப்போது இலை விழுந்தது, சோறு வந்தது, பொரித்த மீன் வந்தது, இலையை மடித்தார்கள், பில் சீட்டு வந்தது, பணம் கட்டினார்கள், மேசையைத் துடைத்து அடுத்தவர் உட்கார்ந்தார் என்று செல்போனில் நேரத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள். சாப்பிட்ட நேரத்தைவிடச் சும்மா உட்கார்ந்திருந்த நேரம் கண்ணில் படும்.

கணக்கு சின்னதுதான். ஒருவர் 40 நிமிடம் இருந்தால் 60 இருக்கையில் மணிக்கு 90 பேர், 30 நிமிடமானால் 120 பேர். கடைக்குள் இருக்கும் ஆட்கள் என்பது, வருகிற வேகத்தை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. 1961இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் இதைக் கணிதமாக நிறுவினார். வங்கி, கிளினிக், கார் பட்டறை எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

பத்து நிமிடத்தை எங்கே பிடிப்பது? கல்லாவைப் பாருங்கள். ஒரு பில்லுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் மணிக்கு 40 பில், பில்லுக்கு இரண்டு பேர் என்று வைத்தால் 80 பேர்தான் வெளியே போக முடியும், சமையலறையில் எத்தனை பேர் நின்று பொரித்தாலும் சரி. கல்லாவில் இருக்கும் அந்த ஒரே ஆள்தான் போனையும் எடுக்கிறார், பொட்டலமும் கட்டுகிறார், டெலிவரி பையனுக்கும் பதில் சொல்கிறார், ‘மீன் ஒண்ணா ரெண்டாண்ணே?’ என்று உள்ளே கத்தியும் கேட்கிறார். (மச்சானை உட்கார வைத்திருந்தால் அதையும் யோசியுங்கள், பெயர் வேண்டாம் என்று எழுதியதால் ஒரு சந்தேகம்.) பொட்டலத்துக்கும் டெலிவரிக்கும் வாசல் பக்கம் தனி மேசை போடுங்கள். கறி வைக்கும்போதே பரிமாறுபவர் சீட்டில் குறித்துவிடட்டும், இலையை மடித்ததும் கூட்டிப் போட்ட சீட்டு மேசைக்கு வந்துவிட வேண்டும், செல்போனில் ஸ்கேன் செய்து பணம் கட்டுகிற டியூட்நவ் கியூஆர் அட்டையும் கையோடு வரட்டும்.

அப்புறம் மேசைகள். நாலு பேர் மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் உங்கள் 60 இருக்கை 30 ஆகிவிட்டது. சிலவற்றை இரண்டு பேர் மேசையாக மாற்றுங்கள், கூட்டமாக வந்தால் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: சாப்பிடுகிறவர் தலைக்கு மேல் நின்று அவசரப்படுத்துவது. இரண்டாவது தடவை ரசம் கேட்கிற ஆளிடம் முகத்தைச் சுளித்தால் அவர் மறுபடி வரமாட்டார். குறைக்க வேண்டியது அவர் காத்திருக்கும் நேரத்தை, சாப்பிடும் நேரத்தை அல்ல. இதெல்லாம் செய்து ஒரு மாதம் கழித்தும் வரிசை நின்றால் ஆள் போடுங்கள், அதையும் கல்லாப் பக்கம் போடுங்கள்.

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவில் தையல் கடை. ஒவ்வொரு தீபாவளிக்கும் சொன்ன தேதியில் பிளவுஸ் கொடுக்க முடியாமல் வாய்ச்சண்டை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, ஜார்ஜ்டவுன்

பதில்: அதே கணக்குதான் அம்மா. கையில் 90 பிளவுஸ், ஒரு நாளைக்கு 6 முடிகிறது என்றால் இன்று வருபவருக்குத் தேதி 15 நாள் கழித்துத்தான். ‘அடுத்த வாரம் வாங்க’ என்று வாயில் வந்ததைச் சொல்லாதீர்கள். அந்த 6 என்பதும் வெட்டுகிற வேகம் அல்ல, ஊக்கு வைத்து ஓரம் அடித்து மாட்டி வைக்கிற வேகம். தீபாவளிக்கு முந்தின மூன்று நாளைப் பிரித்துத் தைக்க மட்டும் காலியாக விடுங்கள், ஏனென்றால் ‘கை இறுக்குது’ என்று எல்லோரும் அப்போதுதான் வருவார்கள். மிச்ச நாள் நிரம்பியதும் ஆர்டர் முடிந்தது என்று கண்ணாடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். அதற்குப் பிறகும் பழைய வாடிக்கையாளர் கெஞ்சினால் அவசரக் கூலி கேளுங்கள், அவருக்காகத் தள்ளிப்போகிற பிளவுஸ் யாருடையது என்று பார்த்துவிட்டு.