தண்ணீர் ஊற்றும் கைதான் நாற்றைச் சாய்த்தது

கேள்வி: மொட்டைமாடியில் முதன்முறையாகத் தோட்டம் போடுகிறேன். குழித்தட்டில் மிளகாயும் தக்காளியும் விதைத்தேன். நன்றாக முளைத்தன. ஒரு வாரம் கழித்துக் காலையில் பார்த்தால் பாதி நாற்றுகள் படுத்துக் கிடக்கின்றன. மீதி நூல் போல நெட்டையாக நிற்கின்றன. தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறேன். ஒருமுறை யூரியாவும் கரைத்துக் கொடுத்தேன். எங்கே தவறினேன்?

பதில்: சாய்ந்து கிடக்கும் நாற்று ஒன்றைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். முளைத்ததும் முதலில் விரியும் விதையிலை இரண்டும் பச்சையாகவே இருக்கும். மண்மட்டத்தில் மட்டும் தண்டு வெந்த கீரைத்தண்டு போலக் குழைந்து, இழையாக இளைத்திருக்கும். அப்படி இருந்தால் அது நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூஞ்சை வகைகள் செய்யும் வேலை இது. தண்டு குழையாமல் கடித்துத் துண்டித்தது போல இருந்தால், இரவில் டார்ச் விளக்கோடு மாடிக்குப் போய்ப் பாருங்கள். புழுவோ நத்தையோ கையும் களவுமாக அகப்படும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் அழுகல் மேல்தான்.

விழுந்த நாற்று எழாது. அந்தக் குழியில் உள்ள கலவையோடு சேர்த்து எடுத்துவிடுங்கள். மீதி நாற்றுகளுக்கு இன்று தண்ணீரே வேண்டாம். தட்டைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். அடுத்து தண்ணீர் தேவைப்படும்போது, அதற்குப் பதிலாகக் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கரைத்து வேர்ப்பகுதி நனையும்படி ஒருமுறை ஊற்றலாம். கூடவே சூடோமோனாஸையும் கலந்துவிட வேண்டாம். அது நோய்ப் பூஞ்சையை அடக்கும் உயிருள்ள பாக்டீரியா, தாமிர மருந்து அதையும் கொன்றுவிடும். சூடோமோனாஸோ, ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையோ அடுத்த முறை விதைக்கும்போது பயன்படட்டும். ஒரு சிட்டிகை எடுத்து, இரண்டு சொட்டு அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதையில் புரட்டி நிழலில் உலர்த்தி விதையுங்கள்.

இனி தண்ணீர். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் நாற்றைப் பட்டினி போட்டுக் கொல்வது அரிது. பாசத்தோடு ஊற்றி ஊற்றித்தான் கொல்கிறார்கள். வேளைக் கணக்கை விட்டுவிடுங்கள். தண்ணீர் ஊற்றியதும் தட்டைத் தூக்கிப் பாருங்கள், கனக்கும். மறுநாள் தூக்கினால் லேசாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் அந்த எடை கைக்குப் பழகிவிடும். லேசானால் ஊற்றுங்கள், கனத்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஊற்றுவதும் காலையில் இருக்கட்டும். மாலையில் ஊற்றினால் இரவு முழுவதும் ஈரம் தேங்கி, பூஞ்சைக்கு விருந்தாகிவிடும். தட்டின் அடியில் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

நெட்டையாக வளர்ந்ததற்குக் காரணம் வேறு. தண்ணீர்த் தொட்டி நிழலிலோ சமையலறை ஜன்னலோரமோ தட்டை வைத்திருப்பீர்கள். முளைக்கும் வரை நிழல் தோஷமில்லை. முளை மண்ணைப் பிளந்த அன்றே வெளிச்சத்துக்கு வந்துவிட வேண்டும். முதலில் காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் போதும், பிறகு கூட்டிக்கொண்டே போகலாம். சித்திரை, வைகாசியின் உச்சி வெயிலுக்கு மட்டும் 50 சதவீத நிழல்வலை தேவை. நெட்டைத் தக்காளியை இன்னும் காப்பாற்றலாம். பெரிய தொட்டிக்கு மாற்றும்போது விதையிலைக்குச் சற்றுக் கீழே வரை தண்டை மண்ணில் புதையுங்கள், புதைந்த இடத்திலும் வேர் விடும். மிளகாய் அந்த அளவுக்கு இடம் கொடுக்காது. அதற்கு ஈர்க்குச்சி ஒன்றை ஊன்றித் தளர்வாகக் கட்டிவிடுவதே நல்லது.

யூரியாவை எடுத்து வைத்துவிடுங்கள். அந்த வயதில் நாற்றுக்குச் சாப்பாடு விதையிலையிலேயே இருக்கிறது. அதற்கு மேல் இரண்டு உண்மையான இலைகள் வரும் வரை எந்த உரமும் வேண்டாம். யூரியா தரும் தழைச்சத்து கூடினால் தண்டு பிஞ்சாகவே நின்று, அழுகலுக்கு இன்னும் எளிதாக இரையாகும். இலைகள் வந்த பின் ஒரு கைப்பிடி மண்புழு உரம் தூவினால் போதும்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும்: தென்னை நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து அப்படியே நிரப்பினீர்களா? அதில் உப்பு இருக்கும். தேநீர் நிறத்தில் இறங்கும் தண்ணீர் வெளுக்கும் வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே விதைக்க வேண்டும். ஒரு குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம்.

தக்காளி நாற்று சுமார் 25 நாளிலும், மிளகாய் 35 முதல் 40 நாளிலும் தொட்டிக்கு மாறலாம். அதற்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே தண்ணீரைக் குறைத்து, முழு வெயிலுக்குப் பழக்குங்கள். மாற்றி நடுவது வெயில் தாழ்ந்த பிறகு. அழுகல் கண்ட கலவையை மறுபடி தட்டில் நிரப்ப வேண்டாம், வளர்ந்த மரத்தின் அடியில் கொட்டிவிடலாம். தட்டைத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் முழுக்க வெயிலில் கவிழ்த்து வைத்து, அதன் பிறகு புது விதை போடுங்கள்.