இரட்டை அவுட்போர்டு வள்ளத்தில் பெட்ரோல் மீட்டர் கோளாறு: கேள்வி பதில்

குளச்சல் வட்டாரத்தில் வள்ளங்களுக்கு மின்வேலை செய்து வருகிறேன். இரட்டை அவுட்போர்டு (பின்புறம் வெளியே பூட்டும் எஞ்சின்) பூட்டிய ஃபைபர் வள்ளங்களின் பெட்ரோல் மீட்டர் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

முட்டத்திலிருந்து: இரண்டு டேங்க், இரண்டு மீட்டர். இடப்பக்க மீட்டர் எப்போதும் காலி என்றே காட்டுகிறது. புது மீட்டர் வாங்கிவிடலாமா, அண்ணாச்சி?

வாங்க வேண்டாம். இரண்டு மீட்டரும் ஒரே வகையாக இருந்தால், நன்றாக வேலை செய்யும் மீட்டரே உங்களுக்குச் சோதனைக் கருவியாகும். சாவியை அணைத்துவிட்டு, இரண்டு மீட்டரிலும் டேங்கிலிருந்து ‘எஸ்’ என்று குறித்த முனைக்கு வரும் கம்பிகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் பூட்டி, மீண்டும் சாவியைப் போடுங்கள். பழுது வலப்பக்க மீட்டருக்குத் தாவினால் குற்றம் டேங்கினுள் பெட்ரோல் மட்டத்தோடு ஏறி இறங்கி மீட்டருக்கு அளவு சொல்லும் மிதவையிலோ அங்கிருந்து வரும் கம்பியிலோ இருக்கிறது. இடப்பக்கத்திலேயே நின்றால் மீட்டரையும் அதற்கு வரும் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும்.

மிதவைப் பக்கம் என்று தெரிந்தால், அதன் கம்பியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் ஓம் அளவு (மின்தடை) பாருங்கள். அமெரிக்க வகை மிதவை காலியில் 240, பாதியில் ஏறக்குறைய 103, நிறைவில் 33 ஓம் காட்டும். ஐரோப்பிய வகையோ காலியில் 10, நிறைவில் 180 ஓம் காட்டும். ஒரு வகை மீட்டருக்கு மறு வகை மிதவையைப் பூட்டினால், டேங்க் நிறைந்திருக்கும்போது முள் காலியை நோக்கிச் சாயும். மிதவை நல்லதாக இருந்தால் எர்த் கம்பியைப் பாருங்கள். காரில் உடம்பே எர்த்தாகிவிடும்; ஃபைபர் வள்ளத்தில் மிதவைக்குத் தனிக் கம்பி வேண்டும், அதன் முனைதான் உப்புக்காற்றில் முதலில் பச்சை பிடிக்கும்.

டேங்க் இருக்கும் பெட்டியின் மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விடாமல் எதையும் கழற்றாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கி நிற்கும்.

சின்னமுட்டத்திலிருந்து: பாதி வரை மெதுவாக இறங்கும் முள், பிறகு வேகமாக விழுகிறது.

பழுது அல்ல. டேங்க் அடியில் குறுகலாக இருந்தால் கீழ்ப்பாதியில் எண்ணெய் குறைவாகவே இருக்கும். காலி டேங்கில் 20 லிட்டர் வீதம் ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குளச்சலிலிருந்து: வலப்பக்க எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் இரண்டு முள்ளும் துள்ளுகின்றன.

இரண்டும் சேர்ந்து ஆடினால் பொது எர்த்தில்தான் குறை. இரண்டு பேட்டரிகளின் நெகட்டிவ் முனைகளையும் தடித்த கேபிளால் இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து: அப்படி இணைத்தால் ஒரு பேட்டரி மற்றதைக் குடித்துவிடும். தவறான யோசனை.

குடிக்காது. பாசிட்டிவும் இணைந்தால்தான் மின்சுற்று முழுமையாகும். நெகட்டிவை மட்டும் இணைப்பதால் ஒரு பேட்டரியிலிருந்து மற்றதற்கு எதுவும் போகாது.

அதே அன்பர்: என் வள்ளத்தில் மெல்லிய கம்பியால்தான் இணைத்தார்கள், அது கருகிவிட்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நீங்கள் சொன்னதே என் பதிலுக்குச் சாட்சி. ஓர் எஞ்சினின் எர்த் கேபிள் தளர்ந்தால், அதன் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கான மின்னோட்டம் முழுவதும் அந்த இணைப்பின் வழியே திரும்ப முயலும். பேட்டரியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கேபிளின் தடிமன் இல்லாத கம்பி அதைத் தாங்காது. கருகியது இணைத்ததனால் அல்ல, மெல்லியதை இணைத்ததனால். தளர்ந்த எர்த்தை இன்னும் முறுக்கவில்லையென்றால் இன்றே முறுக்குங்கள்.

மணக்குடியிலிருந்து: எஞ்சின் புகை கக்குகிறது.

அது மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது.

மேலும் மூன்று பேர்: மீட்டர் வேலை செய்யவில்லை, எந்த மீட்டர் வாங்கலாம்?

முதல் பதிலைப் படியுங்கள். கம்பியை மாற்றிப் பார்க்காதவர்களுக்கு நான் மீட்டர் பெயர் சொல்வதாக இல்லை.

முட்டத்து அன்பர் மீண்டும்: மாற்றிப் பார்த்தேன், பழுது வலப்பக்கம் தாவிவிட்டது.

அப்படியானால் மீட்டர் நல்லது. பெட்டியைத் திறந்து காற்றாட விட்ட பிறகு, முதலில் எர்த் முனையைச் சுரண்டிச் சுத்தமாக்கிப் பூட்டிப் பாருங்கள். மிதவையைக் கழற்றுவது அதற்குப் பிறகு.