இரண்டு மடங்கு குளிர்

அன்புள்ள ஐயா,

நாங்கள் உதகையில் இருக்கிறோம். போன வாரம் ஒருநாள் காலை 10 டிகிரி, மறுநாள் 5 டிகிரி. எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், "அப்பா, இன்னைக்கு ரெண்டு மடங்கு குளிர்" என்றாள். "மக்கு, குளிர்ல ஏது மடங்கு" என்று சிரித்துவிட்டேன். அப்புறம் எனக்கே சந்தேகம். அப்படிச் சொல்லலாமா, கூடாதா? வானிலைச் செய்திகளில் தமிழ் படும் பாட்டைப் பற்றியும் நீங்கள் எழுத வேண்டும்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

செய்தித் தமிழ் இருக்கட்டும். உங்கள் கடிதம் வந்த நாளில் நான் ஒரு பழைய தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில்.

சொல்லக் கூடாது. ஃபாரன்ஹீட்டில் அதே இரண்டு காலைகளும் 50, 41. மடங்கு எங்கே போயிற்று? தலைக்குந்தாவில் புல்மேல் உறைபனி படிந்து 0 டிகிரிக்கு இறங்கினால் அது எத்தனை மடங்கு? செல்சியஸின் சுழியம் 'வெப்பமே இல்லை' என்கிற சுழியம் அல்ல, தண்ணீர் உறையும் இடத்தில் நட்டுவைத்த ஒரு கல். ஆண்டுக் கணக்கும் இப்படித்தான். கி.பி. 1000 என்பது கி.பி. 500-ஐப் போல இரண்டு மடங்கா? திருவள்ளுவர் ஆண்டில் அவை 1031, 531. நடுவில் உள்ள 500 ஆண்டு அப்படியே இருக்கிறது, மடங்கைத்தான் காணோம். 1742-இல் ஆண்டர்ஸ் செல்சியஸ் தன் அளவுகோலை முன்வைத்தபோது கொதிநிலைக்கு 0, உறைநிலைக்கு 100 என்றுதான் வைத்தார். பிறகுதான் தலைகீழாக்கினார்கள். அவர் கணக்கில் உங்கள் முதல் நாள் 90, மறுநாள் 95! உண்மையான சுழியம் -273.15 டிகிரியில் இருக்கிறது. அங்கிருந்து எண்ணும் அளவுகோலை 1848-இல் முன்வைத்தவர் வில்லியம் தாம்சன், பிற்பாடு கெல்வின் பிரபு. அதன்படி உங்கள் இரண்டு காலைகளுக்கும் நடுவே 2 சதவீத வித்தியாசம்கூட இல்லை.

சரி, அந்த 2 சதவீதத்துக்கா உங்கள் மகள் அப்படிச் சொன்னாள்? இங்கேதான் எனக்கு உங்கள்மேல் கோபம். அவள் தன் தோலைப் பற்றிப் பேசினாள். தோலின் சூடு ஏறத்தாழ 33 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் காற்றுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு வேகமாக உடம்பின் சூடு வெளியேறும். முதல் நாள் வித்தியாசம் 23, மறுநாள் 28. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். காற்று வீசினால் இன்னும் கூடும், ஸ்வெட்டர் போட்டால் குறையும். ஆக, அவள் சொன்ன மடங்குதான் தப்பு. கேட்டுப் பார்க்க வேண்டிய விஷயத்தைத்தான் அவள் கேட்டாள். எண்ணை உடம்போடு சேர்த்துப் பார்க்கிற பிள்ளையை மக்கு என்று சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்தது?

கோத்தகிரிப் பக்கம் எங்கள் பாட்டி வீட்டில் மரக்கதவு, இரும்புத் தாழ்ப்பாள். மார்கழி விடியலில் பால்காரருக்குக் கதவு திறப்பது என் வேலை. தாழ்ப்பாளில் கை வைத்தால் விரல் சுரீர் என்னும். அழுவேன். பாட்டி பழைய வேட்டியைக் கிழித்து அதன் பிடியில் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார். "கதவுக்குக் குளிரு கம்மி, இரும்புக்குத்தான் ஜாஸ்தி" என்பார். வெகுநாள் நானும் அப்படித்தான் நம்பினேன். இரவு முழுக்க ஒரே காற்றில் கிடந்தவை, இரண்டும் ஒரே டிகிரிதான். இரும்பு விரலின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும், மரம் மெதுவாகத்தான் இழுக்கும். கல்லூரியில் இதைப் படித்த வாரமே ஊருக்குப் போய்ப் பாட்டியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப துணி என்ன பண்ணுது?" என்றார். சூட்டைப் போகவிடாமல் பிடித்துக்கொள்கிறது என்றேன். "அதுக்குத்தானே கட்டினேன்" என்று என் விரல்களை எடுத்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார்.

நாளைக் காலை உங்கள் மகளை எழுப்பி ஒரு மரக்கதவையும் ஒரு இரும்புக் கம்பியையும் தொடச் சொல்லுங்கள். எது எத்தனை மடங்கு குளிர் என்று அவளிடமே கேளுங்கள். இந்தத் தடவை சிரிக்காதீர்கள்.