நீல டிக்கை அணைத்தால் அக்காவின் கோபம் தீருமா?

வணக்கம். செய்தியைப் படித்துவிட்டும் பதில் போடவில்லை என்று உங்கள் அக்கா ஒரு வாரமாகப் பேசுவதில்லை என்றும், வாட்ஸ்அப்பில் செய்தி படிக்கப்பட்டதைக் காட்டும் நீல டிக்கை அணைத்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அணைக்கலாம்; ஆனால் அதன் பிறகு அவர் படித்தாரா என்பது உங்களுக்கும் தெரியாது. குடும்பக் குழுவில் நீங்கள் படித்ததையும் குரல் பதிவைக் கேட்டதையும் வாட்ஸ்அப் அப்போதும் காட்டிக்கொடுக்கும்.

2014 நவம்பரில் இந்த நீல நிறம் வருவதற்கு முன், பதில் தாமதமானால் வேலையாக இருப்பான் என்று நினைத்துக்கொள்ள இடம் இருந்தது. உரையாடலைத் திறந்தாலே நீலமாகிவிடும் அந்தக் குறி, நீங்கள் பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடி ஒரு கணம் பார்த்ததையும், வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படித்ததையும் அவருக்கு ஒன்றாகவே காட்டுகிறது. என் அம்மாவும் இதே காரணத்துக்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் குறியை அணைத்தேன், "என்னிடம் எதை மறைக்கிறாய்?" என்று கோபம் இரட்டிப்பானது. (அம்மாக்களிடம் தனியுரிமை பற்றிப் பேசிப் பயனில்லை.) பிறகு, படித்தவுடன் "இரவு கூப்பிடுகிறேன்" என்று இரண்டே சொல் அனுப்பி, சொன்னபடி ஒன்பது மணிக்கு அழைக்கத் தொடங்கினேன், மனத்தாங்கல் மெல்லக் குறைந்தது.

ஆகவே குறியை அப்படியே விட்டுவிடுங்கள். இன்று மாலை செய்தி அனுப்பாமல் அக்காவுக்கு நேராகப் போன் செய்யுங்கள். எடுக்காவிட்டால் நாளைக் காலை மறுபடியும் செய்யுங்கள்.