ஸ்மார்ட் வாட்சும் படிப்பும்: கேள்வி பதில்

கேள்வி: தேர்வு நெருங்குகிறது. வாட்ச் ஆழ்ந்த தூக்கம் 40 நிமிடம்தான் என்கிறது. படித்தது நிற்குமா?

பதில்: அந்த எண்ணை வைத்துக் கவலைப்படாதீர்கள். வாட்ச் மூளையைப் பார்ப்பதில்லை. கை அசைவையும், தோலில் பாய்ச்சும் பச்சை ஒளி மூலம் நாடித்துடிப்பையும் எடுத்துத் தூக்கத்தின் நிலையை ஊகிக்கிறது. தூக்கத்தின் நிலையைச் சரியாக அறிய, ஆய்வகத்தில் தலையில் மின்முனைகள் ஒட்டி மூளை அலைகளைப் பதிவு செய்வார்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எழுந்தீர்கள் என்பதை மட்டும் பாருங்கள். தூக்க எண்ணைப் பார்த்தே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. 2017-இல் அதற்கு ஆர்த்தோசோம்னியா என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

கேள்வி: எந்த பிராண்ட் வாங்கலாம்?

பதில்: அது என் துறை இல்லை. விற்பனை தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் படிப்பை எதை வைத்துத்தான் அளப்பது?

பதில்: இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்தார். இடைவெளி விட்டு மறுபடி படித்து, முதல் தடவையைவிட எவ்வளவு நேரம் மிச்சமானது என்று குறித்தார். மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று 1885-இல் வெளியிட்டார். தன்னைத்தானே அளந்த முன்னோடி அவர். கையில் கருவி எதுவும் கட்டவில்லை.

நீங்களும் ஒரு நோட்டில் தேதி, பாடம் எழுதுங்கள். புத்தகத்தை மூடுங்கள். பாடத்தின் பத்து முக்கியக் குறிப்பில் எத்தனை ஞாபகம் வரும் என்று முதலில் ஊகித்து எழுதுங்கள். அப்புறம் பார்க்காமல் எழுதிப் பார்த்து, வந்த எண்ணிக்கையைப் பக்கத்தில் போடுங்கள். மறுநாள், ஒரு வாரம் கழித்து மறுபடி. ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் கவனிக்க வேண்டிய எண். இப்படி நினைவுகூர்வதே பாடத்தைப் பதியவும் வைக்கும்.

கேள்வி: நான் ஆசிரியர். வகுப்பு முழுவதற்கும் கையில் வாட்ச் போன்ற பட்டை கட்டி, நாடித்துடிப்பை வைத்துக் கவனத்தைக் கணிக்கலாமே?

பதில்: வேண்டாம் ஐயா. மாடிப்படி ஏறினாலும் துடிப்பு கூடும், பயந்தாலும் கூடும். அதில் கவனம் எங்கே தெரியும்?

அதே ஆசிரியர்: அளந்தால்தானே முன்னேற்றம் தெரியும்?

பதில்: பிள்ளை தன்னை அளப்பது வேறு, பெரியவர்கள் பிள்ளையின் உடலைக் கண்காணிப்பது வேறு. அந்தத் தரவு யாரிடம் போகும், எத்தனை வருடம் இருக்கும்? இதற்குப் பதில் கையில் இல்லாமல் ஒரு பிள்ளைக்கும் கட்டாதீர்கள். நோட்டு கொடுங்கள், அது பிள்ளையிடமே இருக்கட்டும்.

கேள்வி: என் வாட்சில் கனவுத் தூக்கம் குறைவு, ஞாபகம்...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். பகலெல்லாம் அசதியாக இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.