மலைக் காளான்களும் களக் கையேடுகளும்: கேள்வி பதில்

நீலகிரியிலும் பழனி மலையிலும் மழைக்காலத்தில் முளைக்கும் காளான்களைக் கையேட்டின் துணையுடன் அடையாளம் காண்பது குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறேன். “இதைச் சமைக்கலாமா?” என்று படம் மட்டும் அனுப்பியவர்களுக்கு என் விடை ஒன்றே: வேண்டாம்.

கோத்தகிரி உறுப்பினர்: என்னிடம் பிரிட்டனில் அச்சான கையேடு ஒன்று உள்ளது. படங்கள் அருமை. ஆனால் இங்கே பார்ப்பவற்றில் பல அதில் இல்லை. அதை நம்பலாமா, ஐயா?

பேரினம் வரை பெரும்பாலும் நம்பலாம். சிற்றினப் பெயருக்கு நம்ப வேண்டாம். எந்தக் கையேடும் அதை எழுதியவர் நடந்த காடுகளைத்தான் சொல்லும். நீலகிரியில் இதற்கு ஒரு விசித்திரமான விலக்கு உண்டு. 1843இல் தொடங்கி இங்கே ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸும், பின்னர் மெக்சிகோவின் பட்டுலா பைனும் நடப்பட்டபோது, அம்மரங்களின் வேர்களோடு கூட்டுவாழ்வு நடத்தும் காளான்களும் உடன் வந்து குடியேறின. அதனால்தான் யூகலிப்டஸ் தோப்பில் லக்காரியா ஃபிரட்டெர்னாவும், பைன் மரத்தடியில் குடையின் அடியில் செவுளுக்கு (தகடுபோன்ற மெல்லிய மடிப்புகளுக்கு) பதிலாக நுண்துளைகள் கொண்ட சுயில்லஸ் பிரெவிப்ஸும் கிடைக்கின்றன. பைன் தோப்புக்குள் நிற்கும்வரை வெளிநாட்டுக் கையேடு ஓரளவு கைகொடுக்கும். அங்கிருந்து சோலைக்காட்டுக்குள் நுழைந்து, பட்டுப்போன கட்டையிலும் இலைமட்கிலும் முளைத்திருப்பவற்றைப் பார்க்கத் தொடங்கியதும் அது தடுமாறிவிடும். ஆகவே காளானைப் பார்ப்பதற்கு முன் சுற்றியுள்ள மரங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

சோலைக் காளான்களுக்கு, பிரிட்டிஷ் காளான் ஆய்வாளர் பெக்லர் 1986இல் வெளியிட்ட இலங்கைக் காளான் நூல் நம் மலைகளுக்கு நெருக்கமானது. அது பையில் வைத்துக்கொண்டு நடப்பதற்கான நூலன்று. நுண்ணோக்கி இல்லாமல் அதன் திறவுகோல்களில் (படிப்படியாகப் பண்புகளைக் கேட்டுப் பெயரை நோக்கி நடத்தும் பட்டியல்களில்) பாதிவழிகூடப் போக முடியாது. இன்னொன்று: “இலையுதிர் காலத்தில் தோன்றும்” என்று பிரிட்டிஷ் நூல் சொல்வதை இங்கே கணக்கில் எடுக்காதீர்கள். நமக்கு மழைதான் காலம்.

கொடைக்கானல் உறுப்பினர்: பைன் தோப்பில் ஆரஞ்சு நிறக் காளான் ஒன்றைக் கண்டேன். அமானிட்டா மஸ்காரியா என்னும் நச்சுக் காளானின் சிவப்புக் குடையில் வெண்புள்ளிகள் இருக்கும் என்கிறது கையேடு. இதில் ஒன்றுமில்லை. அப்படியானால் இது வேறுதானே?

அவ்வாறு முடிவு செய்ய இயலாது. அந்த வெண்புள்ளிகள் இளங்காளானை மூடியிருந்த உறையின் துணுக்குகள். நல்ல மழை ஒன்று பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். சிவப்பும் வெளிறி ஆரஞ்சாகும். கையேட்டுப் படம் அழகான ஒரு நாளில் எடுத்தது என்பதை மறந்துவிடக் கூடாது. வெண்செவுள், காம்பின் மேற்பகுதியில் தொங்கும் வளையம், பருத்த அடிக்கிழங்கின் மேல் வளைய வளையமாய் அமைந்த செதில்கள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றும் இருந்தால் நிறத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அமானிட்டா என்றே கொள்ளுங்கள்.

கூடலூர் உறுப்பினர்: எங்கள் வீட்டில் தலைமுறையாகப் புற்றுக் காளான் சாப்பிடுகிறோம். கையேட்டில் தேடினால் அதுவே இல்லை. ஏன்?

புற்றுக் காளான் டெர்மிட்டோமைசஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. கறையான்கள் தம் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சை அது. காளான் வளர்க்கும் கறையான்கள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் மட்டுமே உள்ளதால், ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகளில் அதற்கு இடமே இல்லை. ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது: இல்லாத ஒன்றைத் தேடுபவர் அதைப் போலவே தோன்றும் வேறொன்றின் பக்கத்தில் போய் நின்றுவிடுவார்.

புல்வெளியில் பெரிதாக, வெள்ளையாக, குடைமேல் பழுப்புச் செதில்களோடு வரும் குளோரோஃபில்லம் மோலிப்டைட்ஸ் கடுமையான வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். இளம்பருவத்தில் அதன் செவுளும் வெள்ளைதான். முற்றிய பிறகே பச்சை ஏறும். பிடுங்காமல், கத்தியால் சுற்றிலும் மண்ணைத் தோண்டி எடுங்கள். பெரிய புற்றுக் காளான்களில் காம்பு மண்ணுக்குள் வேர்போல் மெலிந்து நீண்டு, கறையான் கூட்டை நோக்கி இறங்கும். குடையின் நடுவில் கூர்மையான முனை இருக்கும். பிடுங்கினால் அந்த வேர்ப்பகுதி முறிந்து மண்ணிலேயே தங்கிவிடும், முக்கியமான சான்றும் அதோடு போய்விடும். அமானிட்டாவின் அடிக்கிண்ணமும் இப்படித்தான் மண்ணில் விடுபட்டுப் போகிறது.

உதகை உறுப்பினர்: ஸ்போர் அச்சு, அதாவது காளான் உதிர்க்கும் விதைபோன்ற நுண்தூளின் பதிவு, எடுப்பது எப்படி?

பாதி வெள்ளை, பாதி கறுப்பாக உள்ள தாளின் மேல், காம்பை வெட்டிய குடையைச் செவுள் கீழே இருக்குமாறு வைத்து, டம்ளரால் மூடி இரவு முழுவதும் விடுங்கள். காலையில் படிந்திருக்கும் தூளின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அமானிட்டாவுக்கு வெள்ளை, புற்றுக் காளானுக்கு வெளிர் இளஞ்சிவப்பு, குளோரோஃபில்லம் மோலிப்டைட்ஸுக்கு மங்கிய பச்சை. வெள்ளைத்தாள் மட்டும் வைத்தால் வெள்ளைத்தூள் கண்ணுக்குத் தெரியாது. “அச்சு விழவில்லை” என்று எழுதுபவர்களில் பலர் செய்வது அதுதான். குடையின் வடிவமும் நிறமும் மழைக்கும் வயதுக்கும் ஏற்ப மாறும். இந்த நிறம் அவ்வளவு எளிதில் மாறாது. ஆகவே கையேட்டில் இதைச் சொல்லாத பக்கத்தை நான் பொருட்படுத்துவதில்லை.

வால்பாறை உறுப்பினர்: வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், பூச்சி தின்றிருந்தால் நல்லது என்கிறார்களே?

இரண்டும் பொய். நத்தையும் புழுவும் தின்ற காளான் மனிதரைக் கொல்லக்கூடும்.

குன்னூர் உறுப்பினர்: நன்றாக வேகவைத்தால் நஞ்சு முறிந்துவிடாதா?

கொடிய அமானிட்டாக்களில் உள்ள அமாடாக்சின் கொதிநீரில் அழியாது, காயவைத்தாலும் போகாது. உண்டபின் 6 மணி நேரத்துக்கு மேல், சிலருக்கு மறுநாள் வரைகூட, எந்தத் தொல்லையும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும் வந்து, ஒருநாள் தெளிந்ததுபோல் தோன்றும். அந்தத் தெளிவுக்கு உள்ளேயே கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளானை உண்டு 13 பேர் இறந்தனர். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். ஐயம் எழுந்தால் அறிகுறிக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சமைத்ததில் மிச்சம், சமைக்காத காளான், குப்பையில் போட்ட அடிக்காம்பு எது கிடைத்தாலும் காகிதப் பையில் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பையில் அது வியர்த்து அழுகிவிடும்.

மற்றோர் உறுப்பினர்: கொடைக்கானலின் “மேஜிக் காளான்” எது என்று கையேட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

அதில் உள்ள சைலோசைபின் இந்தியப் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் தடைசெய்யப்பட்டது. அதற்கு இங்கே விடை கிடையாது. அதே புல்வெளியில் சிறிய பழுப்புக் காளான்கள் பலவகை முளைக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய அனுபவமுள்ளவர்களுக்கே நுண்ணோக்கி தேவைப்படும்.