சென்ச்சாவுக்கு எந்த டீபாட்? முதலில் சல்லடையைப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான். ஜப்பானிய சென்ச்சா கிரீன் டீ ஒரு பாக்கெட் வாங்கியிருக்கிறோம். சாதாரண பீங்கான் டீபாட்டில் போட்டால் கசக்கிறது. கறுப்பு நிற வார்ப்பிரும்பு டீபாட் ஒன்று ஆன்லைனில் பார்த்தேன்; 800 மி.லி., உள்ளே ஸ்டீல் வடிகட்டிக் கூடையும் இருக்கிறது. அதை வாங்கலாமா, அல்லது பக்கவாட்டில் கைப்பிடி வைத்த மண் டீபாட்தான் வேண்டுமா?

பதில்: அந்த இரும்பு டீபாட் வேண்டாம். பார்க்க அழகுதான், ஆனால் இரண்டு பேர் குடிக்கும் சென்ச்சாவுக்கு அது பொருந்தாது. உங்களுக்கு ஒரு தடவைக்குத் தேவை 160 முதல் 180 மி.லி. தண்ணீர். அதை 800 மி.லி. பாத்திரத்தில் ஊற்றினால் அடியில் கொஞ்சம் கிடக்கும். மேலிருந்து தொங்கும் கூடைக்குள் இருக்கும் இலையைத் தண்ணீர் சரியாகத் தொடக்கூட செய்யாது. இலை நனையவே அரைப் பாத்திரம் நிரப்ப வேண்டியிருக்கும். நிரப்பியதை ஒரே மூச்சில் குடித்து முடிக்க முடியாது. மிச்சம் உள்ளேயே ஊறிக் கசந்துவிடும். போதாததற்குச் சென்ச்சா இலை நன்றாக விரியக்கூடியது, குறுகிய கூடையில் அதற்கு இடம் கிடையாது. ஊற்றி முடித்த பிறகும் கனத்த இரும்பு சூட்டை விடாமல் வைத்திருப்பதால், இரண்டாம் முறைக்காகக் காத்திருக்கும் ஈர இலை அந்த வெப்பத்தில் வெந்து பச்சை மணத்தை இழக்கும்.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. ஜப்பானில் ‘டெட்சுபின்’ என்று சொல்லும் இரும்புக் கெட்டில் தண்ணீர் கொதிக்க வைப்பதற்கானது. அதில் இலை போடுவதில்லை. நீங்கள் பார்த்தது அதே தோற்றத்தில், உள்ளே எனாமல் பூசிய டீபாட். அதை அடுப்பில் வைக்கக் கூடாது. எனாமல் வெடித்தால் அந்த இடத்தில் துருப்பிடிக்கத் தொடங்கும்.

நீங்கள் தேட வேண்டியது ‘கியூசு’ எனப்படும் சிறிய ஜப்பானிய டீபாட். கைப்பிடி மூக்குக்குச் சுமார் செங்குத்தாக, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் வகைக்கு ‘யோகோதே’ என்று பெயர். கைப்பிடியை விரல்களால் பற்றி, அதே கையின் கட்டைவிரலால் மூடியை அழுத்திக்கொண்டு மணிக்கட்டைத் திருப்பினால் போதும், கடைசிச் சொட்டு வரை வடியும். பெரும்பாலானவை வலது கைக்காரர்களுக்குச் செய்யப்படுபவை. இடது கைப் பழக்கம் இருந்தால் அதற்கென்று செய்ததைக் கேட்டு வாங்குங்கள், அல்லது கைப்பிடி பின்பக்கம் உள்ள ‘உஷிரோதே’ வகைக்குப் போங்கள்.

கொள்ளளவில் பலர் ஏமாறுகிறார்கள். விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் விளிம்பு வரை நிரப்பினால் பிடிக்கும் அளவு. நடைமுறையில் அதில் 70–80 சதவீதம்தான் பயன்படும். உங்கள் இருவருக்கும் 250 முதல் 300 மி.லி. போதும். விருந்தினருக்காக என்று 500 மி.லி. வாங்கினால், தினமும் அரைகுறையாக நிரப்பித்தான் குடிப்பீர்கள். மேலே காலி இடம் அதிகமாகித் தண்ணீர் சீக்கிரம் ஆறும். இன்னொன்று, 5 கிராம் இலை சுமார் 20 மி.லி. தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். முதல் தடவை கோப்பை கொஞ்சம் குறைந்தால் கவலைப்படாதீர்கள்.

இனி சல்லடை. மண்ணைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள், ஆனால் தினசரி எரிச்சலோ நிம்மதியோ சல்லடையில்தான் இருக்கிறது. டீபாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் பாக்கெட்டைப் பிரித்து இலையைப் பாருங்கள். ஊசி போல நீளமாக, கரும்பச்சையாக, பளபளப்பாக இருந்தால் அது வழக்கமான அளவு ஆவியில் வேகவைத்த சென்ச்சா. உடைந்து, பொடி கலந்து, சற்று மஞ்சள் பச்சையாக இருந்தால் ‘ஃபுகாமுஷி’. ‘டீப் ஸ்டீம்டு’ என்று பாக்கெட்டிலும் போட்டிருப்பார்கள். சாதாரண சென்ச்சாவை ஆவியில் 30–40 விநாடி வைப்பார்கள் என்றால், இதை அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நேரம் வைப்பார்கள். இலை குழைந்து உடைந்துவிடும். ஷிஸுவோகா மாநிலத்தின் மகினோஹரா பக்கத்தில் இந்த வகை அதிகம்.

நீள இலைக்கு மண் சல்லடை நல்லது. மூக்கின் உட்புறத்தில் அதே மண்ணால் செய்து, நுண்ணிய துளைகள் போட்டு ஒட்டிய சல்லடை அது, ‘சசாமே’ என்பார்கள். உலோகம் இல்லை, பிய்ந்து வராது, பல ஆண்டு உழைக்கும். ஃபுகாமுஷிப் பொடி அதில் சிக்கினால் மட்டும் ஊற்றும்போது ஓட்டம் மெலிந்து சொட்டுச் சொட்டாக வரும். அந்த அரை நிமிடத் தாமதத்திலேயே தேநீர் கசந்துவிடும். அதற்கு ‘ஒபி-அமி’ வகை வாங்குங்கள். ஸ்டீல் வலையைப் பட்டை போல உட்சுவரைச் சுற்றிப் பொருத்தியிருப்பார்கள். வடியும் பரப்பு அதிகம் என்பதால் ஒரு பக்கம் அடைத்தாலும் மறுபக்கம் ஓடும், இலை விரியவும் முழு இடம் இருக்கும். மூக்கின் வாயில் மட்டும் சின்ன வலைத்துண்டு செருகிய மலிவு வகையைத் தவிர்த்துவிடுங்கள். அதுதான் முதலில் அடைக்கும். ஸ்டீல் பட்டால் சுவை கெடும் என்று சிலர் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபுகாமுஷியில் அடைபடாமல் வடிவதுதான் முக்கியம்.

மண்ணுக்கு வருவோம். கியூசுவுக்குப் பெயர்போன ஊர் அய்ச்சி மாநிலத்தின் தொகொநாமே; ஜப்பானின் ஆறு பழைய சூளை ஊர்களில் ஒன்று. இரும்புச் சத்துள்ள அதன் செம்மண் கியூசு 1854-இல் சுகியே ஜுமோன் என்ற குயவரிடம் தொடங்கியதாகச் சொல்வார்கள். பக்கத்து மியே மாநிலத்தின் யொக்காய்ச்சியில் செய்யும் பான்கோ வகை, கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில் வரும். இரண்டும் உள்ளே மெருகு (கண்ணாடி போன்ற ‘கிளேஸ்’ பூச்சு) பூசாதவை. இந்த மண் துவர்ப்பைக் குறைக்கும் என்பார்கள். குறைத்தாலும் அந்த வேறுபாடு சிறிது. தண்ணீர் 10 டிகிரி கூடிக் குறைவதால் வரும் மாற்றம் அதைவிடப் பெரியது. எனவே கைவினைஞர் பெயருக்காக ஆரம்பத்திலேயே பெரும் பணம் போட வேண்டாம். அச்சில் வார்த்த சாதாரண தொகொநாமே கியூசுவே தினசரிக்கு ஏராளம்.

மெருகு பூசாத மண் வாசனையைப் பிடித்துக்கொள்ளும். ஒரே பாத்திரத்தில் இன்று சென்ச்சா, நாளை வறுத்த ஹோஜிச்சா, மறுநாள் மல்லிகைத் தேநீர் என்று மாற்றிக் குடிப்பவர்களுக்குப் பீங்கானோ உள்ளே மெருகு பூசியதோதான் சரி. ஹோஜிச்சாவைக் கொதிநீரில் போடுவார்கள் என்பதால் அதற்கு மேலே வளையக் கைப்பிடி உள்ள பெரிய ‘தோபின்’ வசதி. கைப்பிடியே இல்லாத ‘ஹோஹின்’ என்ற சிறு பாத்திரம் 50–60 டிகிரியில் போடும் கியோகுரோ என்ற, நிழலில் வளர்த்த கிரீன் டீக்கானது. அதில் கொதிநீர் ஊற்றினால் பிடிக்கவே முடியாது.

கடையில் நேரில் பார்க்க முடிந்தால் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். மூடியில் உள்ள துளையை விரலால் அடைத்துச் சாய்த்தால் ஓட்டம் நிற்க வேண்டும் அல்லது வெகுவாகக் குறைய வேண்டும். நிற்கவில்லை என்றால் மூடி சரியாகப் பொருந்தவில்லை, ஊற்றும்போது விளிம்பில் கசியும். விரலை எடுத்து ஊற்றி, சட்டென்று நிமிர்த்துங்கள். மூக்கின் அடிவழியாகத் தண்ணீர் வழிந்தால் தினமும் மேசையைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆன்லைனில் வாங்குவதென்றால் சல்லடையின் படத்தைக் கேட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கசப்பு மட்டும் புது டீபாட்டால் தீராது. சூடு கூடக் கூட, கசப்பும் துவர்ப்பும் தரும் பொருட்கள் அதிகமாக இறங்கும். இனிப்புச் சாயல் தரும் ‘தியானின்’ என்ற பொருள் குறைந்த சூட்டிலேயே இறங்கிவிடும். கொதித்த தண்ணீரை முதலில் கோப்பைகளில் ஊற்றுங்கள். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 10 டிகிரி குறையும். 70–80 டிகிரிக்கு வந்ததும், 4–5 கிராம் இலை போட்ட கியூசுவில் ஊற்றி, ஒரு நிமிடம் அசைக்காமல் விடுங்கள். ஃபுகாமுஷிக்கு 30–40 விநாடி போதும். பிறகு இரு கோப்பைகளிலும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் நிறமும் அடர்த்தியும் சமமாக வரும். கடைசிச் சொட்டு வரை வடித்துவிட்டு மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள். இரண்டாம் முறைக்குக் கொஞ்சம் கூடுதல் சூட்டில் 10–15 விநாடியே போதும். போர்வெல் கடுநீர் வந்தால் நிறம் மங்கி, சுவை தட்டையாகிவிடும். ஜப்பானில் பெரும்பாலும் மென்னீர், சென்ச்சா அதற்குப் பழகியது. வடிகட்டிய தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

மண் கியூசுவுக்குச் சோப்பு வேண்டாம், வாசனை தங்கிவிடும். இலையைத் தட்டிக் கொட்டி, வெந்நீரில் அலசி, மூடியைத் தனியாக வைத்துக் காயவிடுங்கள். சல்லடை அடைத்திருந்தால் மென்மையான பல்துலக்கியால் உள்ளிருந்து தேய்த்து, மூக்கு வழியாகத் தண்ணீர் பாய்ச்சினால் பொடி திரும்பி வரும். மூக்கின் நுனியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய் மாட்டி வந்தால் அது வழியில் உடையாமல் இருக்கப் போட்டது. முதல் நாளே கழற்றி எறியுங்கள், விட்டுவைத்தால் அதற்குள் அழுக்கு சேரும்.